மாலை போகும் ஊர்கள்

புரட்டாசி பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் திருமலையில் கருட சேவை. அந்த நாள் விடிவதற்குள் தெற்கிலிருந்து ஒரு கூடை மலையேறிவிட வேண்டும். விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் புறப்பட்டு, 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும் கூடை அது. உள்ளே ஒரு பூமாலை, ஒரு பட்டு, இலைகளால் செய்த ஒரு கிளி. மாலை புதிது இல்லை. ஆண்டாள் தோளில் கிடந்து, கழற்றி எடுக்கப்பட்டது.

திருமலையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த மலையில் பூ என்று இருப்பதெல்லாம் பெருமாளுக்கே. ஊரில் தலைநிறைய மல்லிகை வைத்துக்கொள்ளும் பெண்களும் அங்கே போனால் பூச்சூடுவதில்லை. மனிதர் யாரும் பூச்சூடாத அந்த மலையில், ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் கூடும் நாள் ஒன்றில், ஒரு பெண் போட்டுக் கழற்றிய மாலைக்குப் பெருமாள் கழுத்தை நீட்டுகிறார். இந்த விதிவிலக்கு எப்படி வந்தது என்று கேட்டால், மாலை புறப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலும் ஆண்டாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு நந்தவனம். பெரியாழ்வார் துளசியும் பூவும் வளர்த்த தோட்டம் என்றும், ஆடிப் பூரத்தன்று துளசிச் செடியடியில் குழந்தையாக ஆண்டாள் கிடைத்த இடம் என்றும் காட்டுவார்கள். பெரியாழ்வாரின் வேலை ஒன்றுதான்: பூப்பறித்து, மாலை கட்டி, ஆலிலைமேல் பள்ளிகொண்ட பெருமாளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்த வீட்டுப் பெண் என்ன செய்தாள் என்பது தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. அப்பா கட்டி வைத்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீரில் எட்டிப் பார்த்தாள். அவனுக்குத் தான் பொருத்தமா என்று பார்த்துவிட்டு, கழற்றி, இருந்தபடியே கூடையில் வைத்தாள். அந்தக் கிணற்றைக் கண்ணாடிக் கிணறு என்று இப்போதும் கோயிலில் காட்டுகிறார்கள்.

ஒருநாள் மாலையில் ஒரு தலைமுடி இருந்தது. பெரியாழ்வார் துடித்துப்போனார். அன்று வேறு மாலை கட்டினார். இரவு கனவில் பெருமாள் வந்து, அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்றார். கதை அவ்வளவுதான்.

இந்தக் கதையில் நடந்திருக்கும் மீறல் சின்னது இல்லை. சாமிக்கு வைத்திருக்கும் பூவை மோந்து பார்த்தாலே கையில் அடி விழும் வீடுகள் நம்முடையவை. கோயிலில் மாலை போகும் திசையும் தீர்மானமானது. பெருமாள் சாற்றிக்கொண்டு களைந்தது நமக்குப் பிரசாதமாக வரும். நாம் சூடியது அவருக்குப் போகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாலை எதிர்த்திசையில் போகிறது. காளத்தியில் கண்ணப்பர் தின்று பார்த்துக் கொடுத்த இறைச்சியும், சபரி கடித்துப் பார்த்து ராமனுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பழமும் இந்த மாலைக்கு உறவுக்காரர்கள். ஆனால் ஒரு வித்தியாசம். கண்ணப்பரின் இறைச்சியை இன்று யாரும் நைவேத்தியம் செய்வதில்லை. அது கதையாக நின்றுவிட்டது. மாலை அப்படி நிற்கவில்லை. அதற்கு வழி உண்டு, நாள் உண்டு, எடுத்துப் போகிற ஆள் உண்டு. ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் செய்த காரியம் கோயில் முறையாகி, ஆண்டு தவறாமல் வரும் திருவிழாக்களில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது.

மாலையின் மிகக் குறுகிய பயணம் ஊருக்குள்ளேயே நடக்கிறது. ஆண்டாளுக்கு இரவில் சாற்றிய மாலை மறுநாள் காலை பக்கத்துக் கோயிலில் வடபத்ரசாயிக்குப் போகிறது. கதையில் நடந்த அதே தூரம், அதே திசை. சில நிமிட நடைதான். திருப்பதிப் பயணத்தைப் படம் எடுக்கக் கூட்டம் நிற்கும். இந்தக் காலை நடையை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் தினமும் நடப்பது இதுதான். மற்ற ஊர்களுக்கு மாலை போவதெல்லாம் இதன் நீட்சி.

வெளியூர் போகும் மாலை கனமானது. துளசி, செவ்வந்தி, சம்பங்கி, விருட்சி என்று வாசனையும் நிறமும் கலந்து, ஆள் உயரத்துக்குத் தொங்கும்படி கட்டுவார்கள். பூக்கட்டுவது உட்கார்ந்து செய்யும் வேலை. விரல் ஒரு கதியில் போய்க்கொண்டே இருக்கும். வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும். வைணவர்கள் இதைக் கைங்கர்யம் என்பார்கள். தியானம், யோகம் என்று கண்ணை மூடிச் செய்யும் வழிகள் எல்லாம் இருக்க, பெரியாழ்வார் தேர்ந்துகொண்டது கண்ணைத் திறந்துவைத்து, கையை அழுக்காக்கிக்கொண்டு செய்யும் இந்த வழியைத்தான்.

கூடையில் வரும் கிளிக்கும் தனிக் கதை உண்டு. ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி நாள்தோறும் புதிதாகப் பிறக்கிறது. மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு, நந்தியாவட்டை இலையிலும் பனையோலையிலும் சிறகு, அரளி மொட்டில் வால், காக்காய்ப்பொன்னில் கண். வாழைநாரால் கட்டி முடிக்கிறார்கள். காலங்காலமாக இதைச் செய்துவரும் கைகள் ஊரில் இருக்கின்றன. அன்றைக்குச் செய்தது அன்றைக்கே. நாளைக்கு இன்னொன்று.

மாலை வெளியூர் போவதைப் புரிந்துகொள்ள, அந்த வீட்டார் கடவுளிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். பெரியாழ்வார் பாண்டியன் சபையில் பொற்கிழி வென்று யானைமேல் ஊர்வலம் வந்தபோது, பார்க்கக் கருடன்மேல் ஏறிப் பெருமாளே வந்தார் என்பது குருபரம்பரைக் கதை. வேறு யாராக இருந்தாலும் வரம் கேட்டிருப்பார்கள். இவருக்கோ, இவ்வளவு அழகை இத்தனை பேர் பார்க்கிறார்களே, கண் பட்டுவிடுமே என்ற கவலை வந்துவிட்டது. கடவுள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்திப் பாடினார். அந்த 12 பாசுரம் கொண்ட திருப்பல்லாண்டுதான் இன்றும் திவ்யப் பிரபந்தம் ஓதும்போது முதலில் வருகிறது. அதற்குப் பிறகு அவர் பாடியவற்றில் பெரும்பகுதி யசோதையாக இருந்து பாடியது. குழந்தையைத் தொட்டிலிட்டார், நீராட அழைத்தார், பூச்சூட அழைத்தார். அப்பா கடவுளுக்குத் தாயாக இருந்தார். பெண் கடவுளுக்கு மனைவியாக வேண்டும் என்றாள்.

கடவுளோடு நெருங்குவது எப்படி என்று கேட்டுப் புத்தகம் புத்தகமாகப் புரட்டுகிறோம். இந்த வீட்டில் கிடைக்கும் பதில் எளிது: என்ன முறை என்று முதலில் முடிவு செய்துகொள். அவன் உனக்குப் பிள்ளையா, கணவனா, முதலாளியா, தோழனா? முறை தெரிந்துவிட்டால் என்ன பேசுவது, எதற்குக் கோபித்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்பதெல்லாம் தானே வரும். 143 பாசுரம் கொண்ட நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கெஞ்சுகிறாள், ஏசுகிறாள், மேகத்தைத் தூது விடுகிறாள், கல்யாணக் கனவைத் தோழியிடம் சொல்கிறாள். ஒரே ஆளிடம் இத்தனையும் செய்ய உரிமை வேண்டும். அந்த உரிமைக்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி இந்த மாலை. தான் தொடாத பொருளைக் கொடுத்தால் அது காணிக்கை. தன் மேல் கிடந்ததைக் கொடுக்க உறவு வேண்டும்.

உறவு என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி நம் ஊர்க்காரர்கள் கேட்பது: போக வர இருக்கிறதா? போக வர இருந்தால்தான் சொந்தம். இல்லையென்றால் சொந்தம் பேருக்குத்தான்.

சித்திரையில் மாலை வடக்கே மதுரைக்குப் போகிறது. சுமார் 75 கிலோமீட்டர். அழகர்கோயிலிலிருந்து கள்ளர் கோலத்தில் இறங்கி, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, எதிர்சேவை வாங்கிக்கொண்டு வரும் கள்ளழகர் தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலுக்கு வந்து சேர்கிறார். அங்கேதான் ஆண்டாள் மாலை காத்திருக்கும். அதைச் சாற்றிக்கொண்ட பிறகுதான், சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக்குதிரை ஏறி வைகையில் இறங்குகிறார். ஆற்றுக்குள் நிற்கும் ஜனத்தின் கண் அன்று பட்டின் நிறத்தில்தான் இருக்கும். பச்சையா, சிவப்பா என்பதே பேச்சு. மாலை எங்கிருந்து வந்தது என்று பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அழகருக்கு இந்த மாலை போவதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது.

திருமாலிருஞ்சோலை என்ற அழகர்கோயிலின் அழகரிடம் ஆண்டாள் ஒரு நேர்த்திக்கடன் வைத்தாள்: தன் எண்ணம் நிறைவேறினால் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருகிறேன் என்று பாட்டிலேயே சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்தாளா என்பது பாட்டில் இல்லை. அவள் காலம் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு என்பார்கள். 1017-ல் பிறந்தவராகச் சொல்லப்படும் ராமானுஜர் அந்தப் பாசுரத்தைப் படித்துவிட்டு, கடன் பாக்கி நிற்கிறதே என்று அழகர்கோயிலுக்குப் போய் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பித்தார் என்பது வைணவ மரபு. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். ஆண்டாள் எதிரே வந்து, ‘அண்ணா’ என்று கூப்பிட்டாளாம். கோயில் அண்ணன் என்ற பெயர் அவருக்கு அப்படி வந்தது. தங்கை வைத்த கடனை அண்ணன் அடைப்பது எந்த வீட்டிலும் நடப்பது. துறவியான ஒருவருக்குக்கூட இந்த ஊரில் முறை வைத்துத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அதே சித்திரையில் இன்னொரு மாலை ஸ்ரீரங்கத்துக்குப் போகிறது. ஆண்டாள் கைப்பிடித்த இடம் அது. அரங்கன் திருவடியில் அவள் கலந்தாள் என்று கதை முடிகிற ஊர். அரங்கனின் உற்சவரான நம்பெருமாள் சித்திரைத் தேரில் ஏறும்போது அவள் மாலை அவர் மார்பில் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். பெண் ஸ்ரீரங்கம் போய்விட்டாள் என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. மாப்பிள்ளை இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார் என்பது அவர்கள் கட்சி. அதற்கு ஆதாரம் கருவறையில் இருக்கிறது: ஆண்டாள், மாப்பிள்ளை ரெங்கமன்னார், கருடன் மூவரும் ஒரே பீடத்தில். மற்றக் கோயில்களில் எதிரே கைகூப்பி நிற்கும் கருடன் இங்கே பக்கத்திலேயே நிற்கிறார். பெரியாழ்வார் கருடனின் அம்சம் என்ற நம்பிக்கையைச் சேர்த்துப் பார்த்தால், மாமனாரும் அதே பீடத்தில் இருக்கிறார் என்று சொல்லலாம்.

திருமலைக்குப் போகும் மாலை மொழி எல்லையையும் தாண்டுகிறது. ஆனால் தெலுங்கு அதற்கு ஆந்திராவில் போய்த்தான் அறிமுகமாக வேண்டும் என்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். விஜயநகர காலத்தில் தெற்கே வந்ததாகத் தங்கள் மரபைச் சொல்லும் ராஜுக்கள் அங்கே வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்லும் அதைத் தொடர்ந்து வந்த ஆலைகளும் ஊரைப் பஞ்சுக்கும் நூலுக்கும் பேர்போனதாக ஆக்கின. இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் இந்த வட்டாரத்தில், தமிழ்ப் பெண்ணின் மாலைக்குத் தெலுங்கில் ஒரு காவியம் இருப்பது பொருத்தம்தான்.

அந்தக் காவியம் கிருஷ்ணதேவராயர் எழுதிய ஆமுக்தமால்யதா. 1509 முதல் 1529 வரை ஆண்டவர் அவர். படையெடுப்பின் நடுவே ஸ்ரீகாகுளத்தில் தங்கியபோது ஆந்திர விஷ்ணு கனவில் வந்து, தன் கல்யாணக் கதையைத் தெலுங்கில் எழுதும்படி சொன்னதாக நூலின் தொடக்கத்திலேயே சொல்கிறார். விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வாரும் அவர் மகளும்தான் கதையின் மையம். தான் சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பதுதான் நூலின் பெயரே. எழுதி முடித்து அவர் அதைக் காணிக்கையாக்கியது திருவேங்கடமுடையானுக்கு. தென்பாண்டிச் சீமையில் ஒரு வீட்டுக்குள் நடந்தது, ஹம்பியில் அரசாண்ட ஒருவரின் காவியமாகித் திருமலைக்கு இப்படியும் ஒரு முறை போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாலை திருமலை போகும் புரட்டாசியில் இந்த வட்டாரத்தில் எல்லாராலும் திருப்பதி போக முடிவதில்லை. ஆலையில் ஷிஃப்ட் இருக்கும், தீப்பெட்டி, பட்டாசு வேலை இருக்கும். அவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்ற சின்னக் குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிறார். தென்திருப்பதி என்று பெயர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் விடியுமுன்னே குன்றடியில் வந்து நிற்பார்கள். மாலை அங்கே போகிறது, நாம் இங்கே போகிறோம் என்று கணக்கை நேர் செய்துகொள்கிறார்கள்.

கூடை புறப்படும் நாளில் ஊர் கொஞ்சம் கல்யாண வீடு போல இருக்கும். மூலவர் முன்னிலையில் பூஜை முடிந்து, ஆண்டாள் தோளிலிருந்து மாலை களையப்பட்டுக் கூடைக்குள் வரும். கூடையைத் தூக்கிக்கொண்டு மாட வீதி சுற்றி வருவார்கள். பிறகு வண்டி. ஒரு காலத்தில் நடந்தே சுமந்து போயிருக்க வேண்டிய வழியை இன்று கார் விரைவாகக் கடந்துவிடுகிறது. திருமலையில் கூடை முதலில் பெரிய ஜீயர் மடத்தில் இறங்குகிறது. அங்கே பூஜை நடந்து, ஜீயர்கள் முன்வர, மாட வீதிகளில் ஊர்வலமாகக் கோயிலுக்குள் போகிறது.

கருட சேவையன்று உற்சவரான மலையப்ப சுவாமிக்கு நகைகளும் வேறு மாதிரி. மகரகண்டி, லட்சுமி ஆரம், சகஸ்ரநாம மாலை என்று மூலவருக்குரிய ஆபரணங்கள் அன்று உற்சவருக்கு வருகின்றன. சென்னையிலிருந்து ஊர்வலமாக வந்த திருக்குடைகள் வீதியில் நிற்கும். அத்தனை தங்கத்துக்கும் நடுவே, பயணத்தில் லேசாகத் துவண்ட ஒரு பூமாலையும் இருக்கும். அன்றைய நாளுக்குரிய பொருள்களில் விலை குறைவானது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது வராமல் கருட சேவை இல்லை.

திருமலைக்கும் பூவுக்கும் உள்ள உறவில் இன்னொரு கையும் உண்டு. திருமலையில் நந்தவனம் போட்டுப் பூக்கைங்கர்யம் செய்ய யார் போகிறீர்கள் என்று ராமானுஜர் கேட்டபோது, குளிருக்குப் பயப்படாமல் எழுந்து நின்றவர் அனந்தாழ்வான் என்பது மரபு. கர்ப்பிணி மனைவியோடு அவர் குளம் வெட்ட, மண்சுமக்க உதவிக்கு வந்த சிறுவனை அவர் விரட்டி எறிந்த கடப்பாரை அவன் முகவாயில் பட்டது. பெருமாள் முகவாயில் ரத்தம் கண்டு, பச்சைக் கற்பூரம் வைத்தார்கள். அந்தக் கடப்பாரை கோயில் மகாதுவாரத்தில் இன்றும் தொங்குகிறது. தங்க வாசலுக்குப் போகும் வழியில் பூந்தோட்டக்காரரின் கருவி ஒன்று தொங்குவதைப் பார்க்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோட்டமும் இந்தத் தோட்டமும் ஒரே வேலையின் இரு முனைகள் என்று தோன்றும்.

திருமலையில் சாற்றிக் களைந்த பூக்களை வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை. முன்பு பூங்கிணற்றில் சேர்ப்பார்கள். தேவஸ்தானக் கோயில்களில் சேரும் பூக்களிலிருந்து ஊதுபத்தி செய்யும் திட்டத்தைத் தேவஸ்தானம் 2021-ல் தொடங்கியது. பூவின் ஆயுள் அங்கே முடிகிறது. போக வர என்றால் வரவும் வேண்டுமே? வருகிறது. பங்குனி உத்திரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணம். அதற்குத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டும் மங்கலப் பொருட்களும் வருகின்றன. மார்கழி முழுக்கத் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக அவளுடைய திருப்பாவை ஒலிக்கிறது. எழுப்பும் உரிமையையும் அந்த ஒரு மாதம் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தி வீடுகளுக்கு இடையில் சீர் போய் வருவது போலத்தான் இந்தக் கணக்கு ஓடுகிறது. யார் கொடுத்தது அதிகம் என்று இரு பக்கமும் பேசுவதில்லை.

தனிப்பட்ட பக்தி என்றால் தனிமையில் செய்வது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆண்டாளும் தனியாகத்தான் தொடங்கினாள். கிணற்றில் பார்த்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அந்தத் தனிக் காரியம் இன்றுவரை பிழைத்திருப்பது பூப்பறிக்கிறவர், கட்டுகிறவர், கிளி செய்கிறவர், கூடை சுமக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் ஆகியோரின் கைகளால். அவர்கள் எல்லாருக்கும் அவளைப் போன்ற காதல் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பூ வாடுமுன் கட்ட வேண்டும், கூடை நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். செய்துகொண்டே இருந்தால் அவர்களுக்கும் ஒரு முறை அமைந்துவிடுகிறது.

வீட்டுச் சாமி மாடத்துக்கும் இது பொருந்தும். கடவுளிடம் எனக்கு நெருக்கம் இருக்கிறதா என்று மனதைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பவருக்கு இந்த மாலை மூன்றே கேள்விதான் வைத்திருக்கிறது: அவன் உனக்கு என்ன முறை, உன்னுடையது என்று எதைக் கொடுக்கிறாய், எந்த நாளில்? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான சொந்தங்கள் விட்டுப்போகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்குப் பதில் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. சித்திரையில் அழகருக்கும் அரங்கனுக்கும், புரட்டாசியில் வேங்கடவனுக்கும், மற்றபடி தினமும் காலையில் பக்கத்துக் கோயிலுக்கு.